மலையேறும்போது மூலிகை பறிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

விடுமுறை நாளில் குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போகிறீர்கள். ராஜகிரியில் பாதி ஏறியதுமே மூச்சு வாங்குகிறது. ஓரமாக உட்காருகிறீர்கள். பக்கத்துப் புதரில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூ. "அட, ஆவாரம்பூ! சுகருக்கு நல்லதாச்சே!" என்று நாலு கொத்து ஒடித்துப் பையில் போட்டுக் கொள்கிறீர்கள். கூட வந்த மாமியார், "இந்தா பாரு, கீழாநெல்லிகூட இருக்கு" என்று குனிகிறார்.

நல்ல பழக்கம்தான். கடையில் டப்பாவில் வாங்குவதைவிட, கண்ணெதிரே இருக்கும் செடியைத் தெரிந்து வைத்திருப்பது நம் பாட்டிமார் காட்டிய வழி. ஒரு சித்த மருத்துவனாக இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம். ஆனால், ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பறித்தது ஆவாரைதானா?

'மஞ்சள் பூ, புளிய இலை மாதிரி இலை... ஆவாரையாகத்தானே இருக்கும்?' என்று நினைத்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

கடந்த 50, 60 வருடங்களில் நம் குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் செடிகளின் குடித்தனமே மாறிப் போய்விட்டது. பாட்டி காலத்தில் ஆவாரை நின்ற இடத்தில் இன்று வேறொன்று நிற்கிறது. பாட்டி சொன்ன மருந்து மட்டும் நம் ஞாபகத்தில் அப்படியே இருக்கிறது. இடம் மாறியது நமக்குத் தெரியாது. கை மட்டும் பழைய பழக்கத்தில் பறிக்கிறது. வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம்.

வாருங்கள், ஒரு சின்ன மலையில் ஏறிப் பார்ப்போம்.

பனையின் பெயரில் ஒரு மலை

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள் தேர்வாயின. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதே விழுப்புரம் மாவட்டத்தில், அனந்தபுரத்தை அடுத்து இருக்கிறது பனமலை. பெரிய ஏரி ஒன்று, அதையொட்டிப் பாறைக்குன்று, உச்சியில் தாளகிரீஸ்வரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 வருடங்களுக்கு முன் கட்டியது. அங்கே சுவரில் எஞ்சியிருக்கும் தேவியின் ஓவியத்தைப் பார்க்கவே தூரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு.

'தாளம்' என்றால் வடமொழியில் பனை. தாளகிரி என்றாலும் பனமலை என்றாலும் ஒன்றுதான். ஆக, ஒரு ஊர்ச்செடியின் பெயரையே தாங்கி நிற்கிற மலை இது. செடிகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா?

ஏறுவது பெரிய சிரமமில்லை. முழங்கால் வலிக்காரர்கள்கூட உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். காலை 9 மணிக்குள் ஏறிவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் இறங்குவது கஷ்டம். இந்தப் பக்கத்துக் குன்று எதில் ஏறினாலும் நீங்கள் சந்திக்கக்கூடிய செடிகளைத்தான் கீழிருந்து மேலாக வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

ஏரிக்கரையில்: இரண்டு கருவேலம்

வண்டியை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது சீமைக் கருவேலம். நம் பக்கத்தில் வேலிக்காத்தான் என்பார்கள். மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கத்து மரம். 1870களில் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதிக்கு வந்தது. பிற்பாடு விறகுக்காகவும் வேலிக்காகவும் ஊர் ஊராக விதைத்தார்கள். ஏழை வீட்டு அடுப்பை இந்த மரம் எரிய வைத்தது உண்மை. அதை மறுக்கக் கூடாது.

ஆனால் இதன் காய் இனிப்பு. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, எருவோடு முளைக்கும். யாரும் விதைக்காமலே ஏரி உள்வாய், வாய்க்கால், தரிசு எல்லாம் இதுவே. இதன் அடியில் மற்றச் செடிகள் எளிதில் தலைதூக்க முடியாது.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால் இரண்டு விஷயம். ஒன்று, இதன் மகரந்தம். இந்தியாவில் மூக்கொழுகல், தும்மல், இழுப்பு ஆகியவற்றைக் கிளப்பும் முக்கிய மகரந்தங்களில் இதுவும் ஒன்று. ஆஸ்துமாக்காரர்கள் பூக்கும் காலத்தில் இந்தத் தோப்புக்குள் நடைப்பயிற்சி போகாதீர்கள். இரண்டு, முள். குத்தி உள்ளே ஒடிந்துவிட்டால் வீங்கிச் சீழ் வைக்கும். 'தானா வந்துடும்' என்று விடக் கூடாது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பல் ஈறு வலுவாக, இரத்தக் கசிவு நிற்க, கருவேலம்பட்டைப் பொடி போடுவது நம் வழக்கம். அது நாட்டுக் கருவேலம். நிறையப் பேர் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சீமைக் கருவேலத்தைச் செதுக்கி வந்து இடித்து வைத்துக் கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு மரம்!

அடையாளம் சுலபம். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய், மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல்நீளக் கதிர்; காய் வைக்கோல் நிறத்தில் ஒரே சீராக நீண்டிருக்கும். பூவும் காயும் இல்லாத நாளில் பட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சாலையோரம்: தொடாமல் போங்கள்

அதே சாலையோரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சாமந்தி இலை போன்ற வெட்டு வெட்டான இலையோடு, உச்சியில் வெள்ளை வெள்ளையாய்ச் சின்னப் பூக்களோடு நிற்பது பார்த்தீனியம். இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். 1950களின் நடுவில் புனேயில் முதலில் கண்ணில் பட்டது. இன்று நாடு பூராவும் இருக்கிறது.

சிலருக்கு இது மேலே பட்டாலே தோல் தடித்துச் சிவந்து அரிக்கும். சிலருக்குத் தொடவே வேண்டாம்; காற்றில் பறக்கும் துகளே போதும். முகம், கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கருத்துத் தடித்து, வருஷக்கணக்கில் படுத்தி எடுக்கும். 'வெயில் அலர்ஜி' என்று நினைத்துக் கொண்டு களிம்பு மாற்றி மாற்றித் தடவுகிறவர்களில், வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறவர்களும் உண்டு.

வீட்டைச் சுற்றிப் பிடுங்குவதானால் பூக்கும் முன்பே, ஈர மண்ணில், கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். குழந்தைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். 1984-ல் மெக்சிகோ வண்டு ஒன்றைப் பெங்களூர்ப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அது இந்த இலையைத் தின்று ஓரளவு குறைக்கிறது, ஒழிக்கவில்லை.

ஆவாரையும் பேயாவரையும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ஆவாரை நம் மண்ணின் செடி. இந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாய்வீடு. ஆவாரை பூத்த ஊரில் சாவு எட்டிப் பார்க்காது என்கிற பொருளில் பழமொழியே உண்டு. நீரிழிவுக்கும் உடல் சூட்டுக்கும் தோலுக்கும் நாங்கள் கொடுக்கிற மருந்து. இன்று நகரத்து வீடுகளில் காப்பிக்குப் பதில் ஆவாரம்பூக் குடிநீர் என்பது நாகரிகமாகவே ஆகிவிட்டது.

என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். "சார், மூணு மாசமா ஆவாரைக் கஷாயம் குடிக்கிறேன். சுகர் குறையல. வயிறுதான் தெனமும் கடமுடாங்குது" என்றார். எதைப் போட்டுக் காய்ச்சுகிறீர்கள், கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் பையோடு வந்தார். மேஜையில் கொட்டிப் பார்த்தால், பாதிக்குப் பாதி வேறு இலை! நீண்ட கூரான இலை, நடுநடுவே ஒல்லியான காய்கள்.

"இது யாருங்க பறிச்சது?"

"வீட்டு வேலைக்கு வர்ற அம்மாதான் சார் பறிச்சுட்டு வரும். முன்ன எல்லாம் கரட்டு மேல பறிக்குமாம். இப்ப அங்க வேலிக்காத்தான் அடைச்சுப் போச்சாம். 'ரோட்டோரமா கெடச்சதுங்க'ன்னு சொல்லிச்சு."

இதைவிடச் சுருக்கமாக இந்தக் கட்டுரையின் சாரத்தைச் சொல்ல முடியாது. கரட்டில் ஆவாரையின் இடத்தை ஒரு வெளிநாட்டு மரம் பிடித்தது. சாலையோரத்தில் இன்னொரு வெளிநாட்டுச் செடி ஆவாரையின் பெயரைப் பிடித்தது. கடைசியில் வந்து சேர்ந்த இடம், ஒரு நோயாளியின் தம்ளர்!

அந்த இரண்டாவது செடிதான் பேயாவரை. இதற்கும் பூர்வீகம் அமெரிக்காதான். வந்து பல தலைமுறை ஆகிவிட்டதால் உள்ளூர்ச் செடி என்றே நினைக்கிறோம். சித்த மருத்துவத்தில் இதற்கும் உபயோகம் உண்டு. ஆனால் அளவும் பக்குவமும் தெரிந்த மருத்துவர் கையில் மட்டும். இதன் விதையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் வருஷா வருஷம் சின்னக் குழந்தைகள் திடீரென்று வாந்தி, மயக்கம், வலிப்பு என்று விழுந்து இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கடைசியில் பிஜ்னோர் பகுதி மருத்துவர்கள் துருவிப் பார்த்ததில், விளையாட்டாகத் தின்ற பேயாவரை விதைதான் காரணம் என்று தெரிந்தது. 2007-ல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் ஒரே சமயத்தில் அது தாக்குகிறது. 2016-ல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் பழங்குடிக் குழந்தைகள் இறந்தபோதும், வேலூர் மருத்துவப் பேராசிரியர் ஜேக்கப் ஜான் தலைமையிலான குழு இந்த விதையின் பக்கமே விரலை நீட்டியது.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. பார்த்துப் பறியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இதோ அடையாளம்:

ஆவாரையில் ஒரு காம்பில் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள். சின்னவை, நுனி மழுங்கியவை. பேயாவரையில் 4 முதல் 6 ஜோடிதான். பெரியவை, நுனி கூரானவை. இரண்டு ஜோடிகளுக்கு நடுவில் கோடுபோல் ஒரு சுரப்பி ஆவாரையில் இருக்கும்.

ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல அகலமான பச்சைச் செதில் இருக்கும். தாவரவியல் பெயரிலேயே 'காதுள்ளது' என்றுதான் இதைக் குறித்திருக்கிறார்கள். பேயாவரைக்கு இந்தக் காது கிடையாது. இந்த ஒன்றை ஞாபகம் வைத்தாலே போதும்: காது இருந்தால் ஆவாரை!

ஆவாரைக் காய் தட்டையாக, காகிதம் போல மெல்லிசாக இருக்கும். பேயாவரைக் காய் ஒல்லியாக, லேசாக வளைந்து, உள்ளே விதை நெருக்கமாக இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒரு கெட்ட வாடை வரும்.

அழகாய்ப் பூக்கும் உண்ணிச்செடி

பாதி வழி ஏறியதும் பாறை இடுக்கில் ரோஸும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருப்பது உண்ணிச்செடி. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. இன்று முதுமலை, பந்திப்பூர் வரை காட்டின் அடித்தளத்தை அடைத்துக் கொண்டு நிற்கிறது. இந்த இலையைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்ட தோல் வெடித்துப் போகும். பாதிப்பு உண்டாக்குவது என்று தெரிந்துதான் ஆடு மாடு பெரும்பாலும் ஒதுங்குகிறது. மேய்ச்சலில் அது தப்பிக்க, பக்கத்தில் இருக்கும் நல்ல புல்லும் மூலிகையும் அழிகின்றன.

கறுத்த பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் விஷத்தன்மை உள்ளது. நாலு வயதுக் குழந்தைக்குக் காய் எது, பழம் எது என்று தெரியுமா? ஆகவே, மொத்தமாக வேண்டாம் என்று சொல்லி வளருங்கள்.

இன்னொன்று பிரம்மதண்டு. முள் இலை, இலையில் வெள்ளை நரம்பு, மஞ்சள் பூ, ஒடித்தால் மஞ்சள் பால். மெக்சிகோவிலிருந்து வந்தது. விதை அச்சு அசலாகக் கடுகு மாதிரியே இருக்கும். 1998-ல் டில்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்ததால், கால் வீங்கி, மூச்சுத் திணறி 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். 'பிரம்மதண்டு பால் கண்ணுக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் கேட்டுக் கொள்ளாதீர்கள். கண்ணில் எதையும் பிழியக் கூடாது.

வந்தவர் எல்லாம் கெட்டவரா?

இதுவரை படித்தவர்கள், 'வெளிநாட்டுச் செடி என்றாலே ஆபத்து' என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அதுவும் தப்பு!

வரப்போரம் ஒற்றைக் காம்பில் மஞ்சள் நடுவோடு வெள்ளைப் பூ பூக்குமே, குழந்தைகள் தலையைச் சுண்டி விளையாடுமே, வெட்டுக்காயப் பூண்டு... அது அமெரிக்கச் செடிதான். நம் விவசாயி கையில் அரிவாள் பட்டால் முதலில் தேடுவது அதைத்தான். வந்தது, வரப்பில் ஓரமாகக் குடியேறியது, யாரையும் விரட்டவில்லை, நமக்கும் உதவுகிறது.

கீழாநெல்லிக்கும் பூர்வீகம் அமெரிக்கா என்பதே தாவரவியலாரின் பொதுவான கருத்து. ஆச்சரியமாக இல்லை? காமாலை என்றாலே கீழாநெல்லி என்று தமிழர் வீட்டில் சொல்லாதவர் உண்டா? 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியை உடம்பில் சுமப்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, 'லான்செட்' இதழில் நல்ல பலனை எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே காமாலை என்றதும் கீழாநெல்லியை மட்டும் அரைத்துக் குடித்துவிட்டு உட்காராதீர்கள். எந்த வகைக் காமாலை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுங்கள். எல்லாக் காமாலையும் ஒன்றல்ல.

நித்திய கல்யாணி மடகாஸ்கர் தீவுக்காரி. கிராமத்தில் சுடுகாட்டு மல்லி என்று பெயர். ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் 1950களில் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன! அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டுதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உயிர் காக்கும் மருந்து பிறந்தது. அதே காரணத்தால்தான் இந்தப் பூவைப் பறித்துச் சர்க்கரைக்குக் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள் என்கிறேன். புற்றுநோய் மருந்தை யாராவது வீட்டு அடுப்பில் அளவு தெரியாமல் காய்ச்சுவார்களா?

ஊர்ச்செடி எல்லாம் சாதுவா?

நம் மண்ணில் பிறந்தது என்பதால் மட்டும் ஒரு செடி சாதுவாகிவிடாது.

ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு கொடி. தரையோடு படர்ந்து, சாம்பல் பூத்த வட்ட இலையோடு இருக்கும். ஆடு தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எங்கள் ஏடுகளில் இதற்கு இடம் உண்டு. ஆனால் இந்த இனத்துச் செடிகளில் உள்ள ஒரு அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று இன்று உறுதியாகிவிட்டது. பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் இதன் சீனத்து உறவுக்காரச் செடி கலந்ததால் பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தது 1993-ல் வெளியே வந்தது. ஏட்டில் இருக்கிறதே என்று நாம் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. புதிதாக ஒன்று தெரிய வந்தால் ஏற்றுக் கொள்வதும் வைத்தியம்தான்.

வட மாவட்டக் குன்றுகளில் ஒடுவன் என்றொரு சிறு மரம் உண்டு. அக்மார்க் நாட்டு மரம். இலையில் கொடிய நஞ்சு, இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. மலையில் பெயர் தெரியாத இலையை வாயில் வைத்துச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

குன்றிமணியும் அப்படித்தான். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும். பிள்ளையாருக்குக் கண் வைப்போம். மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் பல்லாங்குழிக்கு வைத்திருந்தால் கைக்குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஆக, செடியின் ஊரை வைத்து மருந்தா விஷமா என்று தீர்மானிக்க முடியாது. ஊர் எது என்பது ஒரு கேள்வி: அது மண்ணுக்கு நல்லதா? ஆள் யார் என்பது இன்னொரு கேள்வி: அது உடம்புக்கு நல்லதா? இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

மேலே மிச்சம் இருப்பவை

உச்சியை நெருங்க நெருங்க மண் குறைந்து பாறையாகிறது. சீமைக் கருவேலமும் அங்கே திணறுகிறது. இப்படிப்பட்ட இடங்களில்தான் நம் ஊர்ச்செடிகள் இன்னும் தாக்குப் பிடிக்கின்றன. பாறையில் தொற்றும் பிரண்டை. தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு இலை கொடுக்கிற உசிலை. வெயில் காலத்துக்கு வேர் கொடுக்கிற நன்னாரி. மூட்டு வலிக்கு ஒத்தடமிட நொச்சி. பழைய கோட்டைகளையும் கோயில்களையும் ஒட்டிய குன்றுகள் ஒரு வகையில் இவற்றுக்கு அடைக்கலம்.

ஆனால் இங்கேயும் இரண்டு பக்கம் இடி. கீழிருந்து உண்ணிச்செடி ஏறி வருகிறது. மேலே நாமே வேரோடு பிடுங்குகிறோம். பூ பறித்தால் செடி மறுபடி பூக்கும். நன்னாரியை வேரோடு தோண்டினால் அடுத்த வருடம் அங்கே எது முளைக்கும்? பெரும்பாலும் காத்திருக்கும் ஆக்கிரமிப்புச் செடிதான்!

முயன்றால் முடியாதா? முடியும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். அதற்கென்று சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்ததோ வேறு பூச்சி. சாயமும் சரியாகக் கிடைக்கவில்லை. கள்ளியைத்தான் அது தின்று தீர்த்தது! பிறகு, மண்டிக் கிடந்த கள்ளியை அழிக்கவே அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் விட்டார்கள். பூச்சியை விட்டுக் களையை அடக்கிய உலகின் முதல் முயற்சிகளில் அது ஒன்று.

இன்று தமிழ்நாடு அரசே ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கை வகுத்திருக்கிறது; 2022-ல் வெளியானது. சென்னை உயர் நீதிமன்றமும் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லித் திரும்பத் திரும்ப உத்தரவு போட்டிருக்கிறது. வெட்டினால் மட்டும் போதாது. வேரோடு எடுத்த இடத்தில் அதே பருவத்தில் நம் செடியை நட்டாக வேண்டும். இல்லாவிட்டால் காலியான வீட்டில் அதே ஆள் மறுபடி குடிவந்துவிடுவான்.

வீட்டில் கடைப்பிடிக்க...

1. பூவோ காயோ இல்லாத செடியைப் பறிக்காதீர்கள். இலையை மட்டும் பார்த்து அடையாளம் சொல்வது அனுபவசாலிக்கே கடினம்.

2. இரண்டு அடையாளமாவது பொருந்த வேண்டும். 'மஞ்சள் பூ' என்பது அடையாளமே அல்ல.

3. சாலையோரச் செடி வேண்டாம். வண்டிப் புகை, களைக்கொல்லி, சாக்கடை எல்லாம் அதில் உண்டு.

4. கோயில், கோட்டை, வனப்பகுதி ஆகியவற்றில் செடியைப் பிடுங்கச் சட்டமே அனுமதிக்காது. அங்கே பார்த்துக் கற்றுக் கொள்ளுங்கள். வீட்டில் வளர்த்துப் பறியுங்கள். ஆவாரை, ஆடாதோடை, நொச்சி, பிரண்டை எல்லாம் கொல்லையிலோ தொட்டியிலோ வளரும்.

5. மலையிலிருந்து இறங்கியதும் செருப்பையும் துணியையும் நன்றாக உதறுங்கள். ஒட்டிய விதைகளை வீட்டுத் தோட்டத்துக்கு நீங்களே தூக்கி வராதீர்கள். அலர்ஜி உள்ளவர்கள் முகம், கை, கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

6. குழந்தை தெரியாத காயையோ விதையையோ தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள். அந்தச் செடியில் ஒரு கொத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'ஒண்ணும் செய்யல, நல்லாத்தான் விளையாடறான்' என்று காத்திருக்க வேண்டாம். சில விஷங்கள் ஒரு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

7. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த மூலிகையையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

என்னிடம் வந்த அந்தப் பெரியவரின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கஷாயத்தை நிறுத்தச் சொன்னேன். வயிறு நாலே நாளில் சரியாயிற்று. ஆங்கில மருத்துவரின் மாத்திரையைத் தொடரச் சொன்னேன். வேலைக்கு வரும் அந்த அம்மாவையும் ஒரு நாள் அழைத்துவரச் சொல்லி, ஆவாரையின் காதைத் தொட்டுக் காட்டினேன். "அட, இத்தினி நாளா இதைப் பாக்கலியே!" என்று சிரித்தார். இப்போது அந்த வீட்டுக் கொல்லையில் இரண்டு ஆவாரைச் செடிகள் நிற்கின்றன. பறிக்கும் பொறுப்பு அந்த அம்மாவுக்குத்தான்.

அடுத்த ஞாயிறு குழந்தைகளோடு ஒரு குன்று ஏறிப் பாருங்கள். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, கண்ணை மட்டும் எடுத்துப் போங்கள். பத்துச் செடிக்குப் பெயரும் அடையாளமும் கற்றுக் கொண்டு இறங்கினால், அந்த ஒரு நாள் நடையில் கால் மட்டுமல்ல, குடும்பமே பலப்படும்.